சொட்டுத் தண்ணீரும் தொடர்புடைய கணக்கும்

எனக்கும் மேல்வீட்டுக்கும் இரண்டு வருஷம் எட்டு மாதமாகப் பேச்சு கிடையாது. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படியில் எதிரெதிரே வந்துவிட்டால் நான் கதவுப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன், மேல்வீடு குனிந்து செருப்பைச் சரிசெய்யும். மேல்வீடு என்று நான் சொல்வது என் கணவருடைய அண்ணன் மனைவியை, அதாவது என் ஓரகத்தியை. அக்கா என்று கூப்பிட மனசு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. அதனால் வீட்டின் பெயரையே ஆளுக்கு வைத்துவிட்டேன்.

இரண்டு பேருமே இணையச் சந்தையில் கடை வைத்திருக்கிறோம். ஒரே சந்தைதான், கடைகள் வேறு. பார்சல் எடுக்க வருகிற மனிதர் பாவம், முதலில் என் வாசலில் பெட்டிகளை எடுத்து வண்டியில் வைத்துவிட்டு, மறுபடி வந்து மாடி ஏறுவார். மேல்வீட்டுப் பார்சலையும் கீழேயே வைத்துவிடலாமே என்று அவர் ஒருமுறை கேட்டார். நான் பார்த்த பார்வையில் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இப்படிப்பட்ட எனக்கு ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்த ஈரக் கையோடு போனை எடுத்தபோது இந்தக் கடிதம் வந்திருந்தது.

"உங்கள் விற்பனைக் கணக்கு, விதிமீறலுக்காக நிறுத்தப்பட்ட மற்றொரு கணக்குடன் தொடர்புடையது என்று கண்டறிந்துள்ளோம். எனவே உங்கள் கணக்கும் நிறுத்தப்படுகிறது."

கீழே அந்த மற்றொரு கணக்கின் பெயர். மேல்வீட்டின் கடைப் பெயர்!

நான் விற்பது தைத்த நோட்டுப் புத்தகங்கள். கோடு போடாத கெட்டித் தாள், துணி ஒட்டிய அட்டை, நடுவில் மெழுகு நூல் தையல். படம் வரைகிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். நாலு வருஷத்தில் ஆயிரத்து நானூறு பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரைச் சேர்த்து எழுதினேன், பிறகு கணவர் பெயரைச் சேர்த்து எழுதினேன். என் பெயர் மட்டும் தனியாக இருந்த ஒரே இடம் அந்தக் கடை. அதை இப்போது திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மட்டும் தெரிந்தது. மேல்முறையீடு மூன்று முறைதான் செய்யலாம், மூன்றும் தள்ளுபடியானால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும் என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுகைக்கும் முன்னால் கோபம் வந்தது.

உட்கார்ந்த இடத்திலேயே முதல் மேல்முறையீட்டை எழுதினேன். "எனக்கும் அந்தக் கணக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தனி வீடு, தனி வாசல், தனி இணையம்." இரண்டு மணி நேரத்தில் தள்ளுபடி. மனிதர்கள் படித்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டாவது முறை விரிவாக எழுதுவது என்று முடிவெடுத்தேன். நாலு பக்கம். எழுதி முடித்ததும் என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டார்.

"உன் தலைமுடியப் பத்தி அண்ணி என்னமோ சொன்னாங்கன்னு எழுதியிருக்கியே, அது எதுக்கும்மா?"

"எங்க ரெண்டு பேருக்கும் ஒத்தே வராதுன்னு நிரூபிக்கணும்ல? தொடர்பு இருக்குன்னு சொல்றான்ல அவன்?"

"அவன்னா யாரு? அது மெஷினா இருக்கும்."

"மெஷினா இருந்தாலும் படிக்கட்டும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். வழக்கமாக எனக்குக் கோபம் வந்தால் என் பக்கம் நின்று இரண்டு வார்த்தையாவது சேர்த்துச் சொல்கிறவர். அன்றைக்கு ஏன் பம்முகிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாலு பக்கத்துக்கும் சேர்த்து நாலு வரி பதில் வந்தது. அதைச் சமையலறை வாசலில் நின்று உரக்கப் படித்தேன். "உங்கள் விளக்கத்தை ஏற்க இயலவில்லை. இரு கணக்குகளும் ஒரே இணைய இணைப்பிலிருந்து தொடர்ந்து பயன்படுத்தப்பட்டு வருகின்றன."

என் கணவர் உடனே குழாயில் ஏதோ பழுது இருப்பதுபோலத் திருகத் தொடங்கினார்.

"என்னங்க, மேல்வீட்டோட சண்டை வந்தப்பவே தனி இணைப்பு போடச் சொன்னேன்ல? போட்டேன்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"போட்டீங்களா?"

குழாயைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினார். "வைஃபை பெட்டி ஒண்ணுதான். பேரு மட்டும் ரெண்டு வச்சேன். ஒண்ணு நமக்கு, ஒண்ணு அண்ணனுக்கு. நீங்க ரெண்டு பேரும் பத்து நாள்ல பேசிடுவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் சொல்லப் பயமா இருந்துச்சு."

நான் அந்தப் பெட்டியிடம் போனேன். அதன் பின்னாலிருந்து ஒரு வெள்ளை வயர் திரைச்சீலைக்குள் புகுந்து, ஜன்னல் ஓரமாக வெளியேறி, தண்ணீர்க் குழாயின் முதுகை ஒட்டி மாடிக்கு ஏறியது. சாண் இடைவெளியில் கிளிப் வைத்து அழகாக அடித்திருந்தார்கள். எங்கள் அறையில் ஒரு ஆணி அடிக்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டவர் இவர். இதே ஜன்னலில் தினமும் தலையை நீட்டி மேலே பார்த்தவள் நான். வயர் கண்ணில் படவே இல்லை. நான் பார்த்ததெல்லாம் மேல்வீட்டின் துணிக்கொடியை மட்டும்தான்.

அந்தக் கொடிதான் சண்டைக்கே காரணம். என் வேலை மேஜை இந்த ஜன்னலடியில் இருக்கிறது. பசை காய வெளிச்சமும் காற்றும் வேண்டும். நேர் மேலே மேல்வீட்டின் பால்கனி. அங்கிருந்து ஈரத் துணி கைப்பிடிச் சுவரைத் தாண்டி நீளமாகத் தொங்கும். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக என் மேஜையில் விழும். ஒருநாள் காயவைத்திருந்த இருநூறு அட்டைகள் நனைந்து அப்பளமாக நெளிந்துவிட்டன. கீழே நின்று கத்தினேன். மேலேயிருந்து ஒரே பதில்: "பேப்பரை உள்ள வச்சுக்கோ!" அன்றோடு பேச்சு நின்றது. அதன் பிறகும் அடிக்கடி சொட்டியது. என்னை அழவைக்க வேண்டும் என்றே அவ்வளவு நீளத் துணிகளைத் தேடி எடுத்துத் தொங்கவிடுகிறார்கள் என்று நான் சத்தியமாக நம்பினேன். மூன்று வாரமாகக் கொடி காலியாக இருந்தது. பயந்துவிட்டார்கள், நான் ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். "அந்தக் கணக்கு உங்களுடன் உண்மையாகவே தொடர்புடையது எனில், முதலில் அதன் விதிமீறலைச் சரிசெய்யவும். அது திறக்கப்பட்ட பிறகு உங்கள் மேல்முறையீட்டை அனுப்பவும்."

அதாவது என் கடை திறக்க வேண்டுமானால் மேல்வீட்டின் கடையை நான் திறந்துவிட வேண்டும். இதைவிட மெஷின் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். ஆனால் மிச்சமிருந்தது ஒரே ஒரு மேல்முறையீடு. பதினேழு படி ஏறினால் வாய்ப்பு இருக்கிறது, ஏறாவிட்டால் இல்லை.

"நானும் கூட வரட்டுமா?" என்றார் இவர்.

"நீங்க வயரப் புடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்க."

மேலே கதவைத் திறந்தவர் கணவரின் அண்ணன். என்னைக் கண்டதும் திருதிருவென்று விழித்தார். "கடைக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்று பை கூட எடுக்காமல் படி இறங்கிவிட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தப்பி ஓடுவதில் ஒரே திறமை.

கூடத்தில் தையல் மெஷினை ஒரு துண்டு போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் குழந்தைகளுக்கான தலையணை உறைகள் அடுக்கடுக்காக இருந்தன. மேல்வீடு அதன் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அதுவே பேசியது.

"உன் கடையும் போச்சாமே. தம்பி சொன்னார்."

"உங்களாலதான்."

"தெரியும்."

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"மன்னிப்பு கேக்கலாம்னு ரெண்டு தடவ படி எறங்கினேன். பாதியிலயே கால் திரும்பிடுச்சு. உக்காரு."

உட்கார்ந்தேன். "உங்க கடைய எதுக்கு மூடினாங்க?"

"பழசப் புதுசுன்னு வித்தேனாம்." குரல் உடைந்தது. "மூணு பேர் எழுதிட்டாங்க. யாரோ பயன்படுத்தின உறை, சோப்பு வாசனை அடிக்குதுன்னு. நான் ஒரு நூல்கூடப் பழசு வச்சுத் தைச்சதில்ல."

நான் ஓர் உறையை எடுத்துத் தடவினேன். பொய் சொல்வானேன், அவ்வளவு மெத்தென்ற துணியை நான் தொட்டதில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். லேசாகச் சோப்பு வாசனை வந்தது.

"ஏன்க்கா, இதத் தொவச்சீங்களா?"

அக்கா என்பது தானாக வந்துவிட்டது. இரண்டு பேருமே அதைக் கவனித்தோம், இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருந்தோம்.

"பின்ன? மில்லுல இருந்து வர்ற துணி கஞ்சியில மொடமொடன்னு இருக்கும், சாயமும் ஒட்டும். பச்சக் கொழந்த கன்னத்துல அத எப்படி வைக்கிறது? அதான் வெட்டறதுக்கு முன்னாடியே முழுத் துணியா நனைச்சு, ரெண்டு தண்ணியில அலசிக் காயப் போட்டுடுவேன். தைச்சப்புறம் சுருங்கினா அளவு போயிடுமே."

"முழுத் துணின்னா?"

"அஞ்சு மீட்டர்."

ஐந்து மீட்டர்! கைப்பிடிச் சுவரைத் தாண்டி என் ஜன்னல் வரைக்கும் தொங்காமல் வேறென்ன செய்யும்? எனக்குக் காது மடல் சுட்டது.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீ கேட்டியா? கத்தத்தானே செஞ்ச. எனக்கும் வாய்க்கொழுப்பு, பேப்பரை உள்ள வச்சுக்கோன்னுட்டேன்."

"சரி, மேல்முறையீட்டுல துவைச்சத சொன்னீங்களா?"

அக்கா என்னை ஏதோ விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அது எப்படிச் சொல்றது? தொவச்சேன்னு சொன்னா பழசுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? 'நான் பழசு விக்கல, சத்தியம்'னு மட்டும் எழுதினேன். ரெண்டு தடவயும் தள்ளிட்டாங்க. மூணு வாரமா ஒரு துணிகூட நனைக்கல."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். காப்பாற்றக்கூடிய ஒரே உண்மையைக் குற்றம் என்று நினைத்து மறைத்து வைத்திருக்கிறார் இந்த மனுஷி.

"அதத்தாங்க்கா சொல்லணும். புதுத் துணிய வாங்கி, தொவச்சு, அப்புறம்தான் தைக்கிறோம்னு."

"சொல்லிட்டா நம்பிடுவாங்களா? துணி வாங்கினதுக்கு மில்லு பில்லு இருக்கு. தொவச்சதுக்கு யாரு பில்லு குடுப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில் என் கையிலேயே இருந்தது. அதை எடுத்துக் காட்டத்தான் தைரியம் வரவில்லை. என் போனில் 'சாட்சி' என்று ஓர் ஆல்பம் உண்டு. இரண்டு வருஷம் எட்டு மாதத்தில் கொடி சொட்டிய போதெல்லாம் நான் கோபத்தில் எடுத்த படங்கள், மொத்தம் அறுபத்தொன்று. என்றைக்காவது குடும்பத்தைக் கூட்டி வைத்து நியாயம் கேட்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து வீசலாம் என்று சேர்த்தவை. தண்ணீர்ச் சொட்டு தெளிவாக விழ வேண்டுமென்று ஒவ்வொரு படத்தையும் துணியின் நுனிக்குக் கிட்டத்தில் போய் எடுத்திருந்தேன்.

போனை அப்படியே நீட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இதெல்லாம் நீ எடுத்ததா?"

"ம்."

"எதுக்கு?"

"உங்ககிட்ட நியாயம் கேக்கத்தான்."

அவர் முகத்தைப் பார்க்காமல் உறையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ திடீரென்று படத்தைப் பெரிதாக்கி, போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"ஏய், இங்க பாரு. ஓரத்துல நீலமா தெரியுது பாரு. மில்லு முத்திர. ரோல் நம்பர் கூடத் தெரியுது!"

துணியின் கரையில் மில்காரர்கள் குத்துகிற நீல முத்திரை. அதில் ரோல் எண். தைத்து முடித்த உறையில் அந்தக் கரையை வெட்டி எறிந்துவிடுவார்கள், ஆகவே முத்திரையோடு ஈரமாகத் தொங்குகிற துணி வெட்டாத புதுத் துணி. படத்தின் மேலே எடுத்த தேதி. அந்த ரோல் எண்ணுக்கான பில் அக்காவின் தகர டப்பாவில் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் யார் சிரித்தது என்று ஞாபகமில்லை. அக்கா சிரித்துச் சிரித்து அடுக்கியிருந்த உறைகளின் மேலேயே சாய்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

மூன்று நாள் பகலெல்லாம் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்தோம். புகார் வந்த மூன்று உறைகளின் துணி எது என்று கண்டுபிடித்தோம். மஞ்சள் நட்சத்திரம், பச்சை இலை, சின்னச் சின்ன யானை. மூன்றுக்கும் பில் இருந்தது, மூன்றுக்கும் படம் இருந்தது. யானைத் துணியின் படத்தில் மட்டும் ஒரு மூலையில் என் முஷ்டி தெரிந்தது. மேலே ஓங்கியபடியே எடுத்திருக்கிறேன்.

"இத வெட்டிடவா அக்கா?"

"இருக்கட்டும். கோவத்துல எடுத்ததுன்னு தெரிஞ்சாத்தான் நம்புவாங்க. ஆதாரத்த ஜோடிக்கிறவ யாராவது தன் முஷ்டியச் சேர்த்து எடுப்பாளா?"

கடிதத்தை நான் எழுதினேன். இந்த முறை யார் தலைமுடியைப் பற்றியும் எழுதவில்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வோம், அவ்வளவுதான். துவைப்பதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு என்று ஒப்புக்கொண்டோம். இனி ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் "புதுத் துணி, துவைத்துத் தைத்தது" என்று போடுவோம், பார்சலுக்குள்ளும் ஒரு சீட்டு வைப்போம் என்று சொன்னோம். சீட்டுக்கான தாள் என் மேஜையில் மிஞ்சுகிற துண்டுகள். மாதிரிக்கு ஒன்றை எழுதிப் படமெடுத்துச் சேர்த்தேன்: "இது புதிய உறை. உங்கள் குழந்தையின் கன்னத்துக்காக ஒருமுறை துவைத்திருக்கிறோம்."

அனுப்பும் பொத்தானை அக்காதான் அமுக்க வேண்டும், கடை அவருடையது. விரலை நீட்டினார், மடக்கினார்.

"இதுவும் போச்சுன்னா உன் கடையும் போயிடுமேடி."

"போகாது, அமுக்குங்க."

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

ஐந்தாம் நாள் காலை படிகளில் தடதடவென்று சத்தம். அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். போனை நீட்டினார். "உங்கள் விளக்கமும் ஆதாரங்களும் ஏற்கப்பட்டன. உங்கள் கணக்கு மீண்டும் திறக்கப்பட்டுள்ளது." நான் அவரைக் கட்டிக்கொண்டேன். குழாயடியில் நின்ற என் கணவர் எங்களைப் பார்த்துவிட்டு, தான் ஏதோ சாதித்ததுபோல் நெஞ்சை நிமிர்த்தினார். அவருக்கான அர்ச்சனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அடுத்தது என்னுடைய கடைசி மேல்முறையீடு. படிவத்தின் முதல் கேள்வியே அதுதான்: அந்தக் கணக்குக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு? போன இரண்டு முறையும் "எந்தத் தொடர்பும் இல்லை" என்று ஆரம்பித்த கட்டத்தில் இந்த முறை இப்படி எழுதினேன்.

"அவர் என் ஓரகத்தி. ஒரே வீடு, ஒரே இணையம். அவர் கடை வேறு, என் கடை வேறு. தொடர்பு இல்லை என்று நான் முன்பு எழுதியது தவறு. தொடர்பு உண்டு. அவர் கடை நேற்று திறக்கப்பட்டுவிட்டது. ஆதாரப் படங்களை எடுத்தவள் நான்தான்."

நாலு பக்கம் வேண்டியிருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. ஒருமுறை பார்த்தேன், நம்பாமல் இன்னொரு முறை பார்த்தேன். சாம்பல் பட்டை போயிருந்தது. என் பெயர், அதற்குக் கீழே ஆயிரத்து நானூறு பேரின் நட்சத்திரங்கள், எல்லாம் அப்படியே இருந்தன. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். ஜெயிச்சுட்டோம் என்றேன். யாரை என்று அவர் கேட்பதற்குள் நான் மாடிப் படி ஏறிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் பார்சல்காரர் வந்தபோது என் வாசலில் நோட்டுப் பெட்டிகளும் உறைப் பெட்டிகளும் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவர் பெட்டிகளைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், பயந்து பயந்து என்னைப் பார்த்தார்.

"அப்போ நான் மாடி ஏற வேண்டாங்களா?"

"வேண்டாம். இனிமே எல்லாம் இங்கதான்."

"நல்லதுங்க. எனக்கு முட்டி வலி" என்றார். இரண்டு வருஷம் எட்டு மாதமாக அந்த முட்டியை ஏற்றி இறக்கியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்று காலை கடைப் பக்கத்தைத் திறந்தேன். இதுவரை நான் கவனிக்காத ஒரு வரி கீழே இருந்தது. "தொடர்புடைய கணக்கு: 1. நிலை: நன்று." ஜன்னலில் தலையை நீட்டி, மேலே கேட்கும்படி அதைக் கத்திப் படித்தேன். படித்து முடிக்கவில்லை, பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஐந்து மீட்டர் புதுத் துணி, சிவப்புப் பட்டம் போட்டது, நீல முத்திரையோடு என் மேஜைக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா! சொட்டுது!"

கைப்பிடிச் சுவருக்கு மேலே அக்காவின் முகம் தெரிந்தது. வாயெல்லாம் சிரிப்பு.

"பேப்பரை உள்ள வச்சுக்கோ!"

வைத்துக்கொண்டேன். காய்ந்துகொண்டிருந்த அட்டைகளை ஒன்றுவிடாமல் உள்ளே தூக்கி வைத்துவிட்டு, போனை எடுத்து, சொட்டும் முத்திரையும் தெளிவாகத் தெரியும்படி அறுபத்திரண்டாவது படத்தை எடுத்தேன்.